பெரியம்மா வீட்டுக் கிட்டு: இடம் மாறிய பூனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கிட்டு ஆண் பூனை. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி, மார்பு மட்டும் வெள்ளை. கருத்தடை அறுவை செய்தாகிவிட்டது. குட்டியிலிருந்து கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் என் பெரியம்மாவோடு வளர்ந்தவன். பாதி நேரம் வீட்டுக்குள், பாதி நேரம் கொல்லையில். பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும், பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. அங்கே பேரனுக்கு வீசிங் உண்டு. பூனை இருக்கும் வீட்டில் அது அதிகமாகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் கிட்டு சென்னையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

அவன் வருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நோட்டுப் போட்டு எழுதி வைத்தவள், அவ்வளவுதான். புதுப் பூனையைப் பழக்குவது பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வரும் பூனையை மனதில் வைத்து எழுதியது. அதன் முன்கதை யாருக்கும் தெரியாது. உறவினர் பூனை அப்படியில்லை. அதை வருஷக்கணக்கில் பார்த்தவர் ஒரு போன் தூரத்தில் இருக்கிறார். எங்களுக்குக் கைகொடுத்தவற்றில் கடையில் வாங்கியது கொஞ்சம், பெரியம்மாவிடம் கேட்டு வாங்கிய தகவல் நிறைய. அந்தத் தகவலில் சிலது தவறாக இருந்ததும் உண்மை.

அங்கேயே விட்டுவிடலாமா?

ஊரில் எல்லோரும் முதலில் சொன்னது இதுதான். “நாய் ஆளோட, பூனை வீட்டோட. தூக்கிட்டுப் போனா நிக்காது, விட்டுட்டுப் போங்க.” இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பூனைக்குக் கன்னத்திலும் தாடையிலும் பாதத்திலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. தூண், கதவு, தோட்டத்துச் செடி என்று தினமும் உரசி உரசி, இது என் இடம் என்று அது எழுதி வைத்திருக்கிறது. இடம் மாற்றினால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். வீடு நின்றிருந்தால், அதில் யாராவது குடியிருந்திருந்தால், கிட்டுவை அங்கேயே விடுவதற்கு நானே வாதாடியிருப்பேன்.

ஆனால் வீட்டை இடிக்கக் கொடுத்தாகிவிட்டது. எதிர் வீட்டில் சோறு போடத் தயார். ஊசி போடவோ, அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடவோ அவர்களால் ஆகாது. வாசலில் பஸ் போகிற சாலை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் சரி என்றோம்.

அப்போதே இன்னொன்றையும் பேசி முடித்தோம். பூனை யாருடையது? மருத்துவச் செலவை யார் முடிவு செய்வது? வயதான பூனைக்குப் பெரிய நோய் வந்தால் யாரைக் கேட்பது? உறவுக்குள் இதையெல்லாம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். பெரியம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டார்: “இனிமே அவன் உன் பிள்ளைடி. ஊசி போடணுமா, அறுக்கணுமான்னு என்னைக் கேட்டுண்டு நிக்காதே. எப்படி இருக்கான்னு மட்டும் சொல்லு.” பிறகு வந்த ஒரு வருஷத்தில் இந்த வாக்கியம் எங்களுக்குப் பலமுறை உதவியது.

கேட்ட விதம்

“கிட்டு எப்படிப்பட்டவன் பெரியம்மா?” என்று கேட்டால் “தங்கமான பிள்ளை” என்ற பதில்தான் வரும். அது அன்பு, தகவல் இல்லை. “விடியறதிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அவன் என்ன பண்ணுவான்னு வரிசையா சொல்லுங்கோ” என்று கேட்டேன். அப்புறம் கொட்டியது.

நாலரை மணிக்குப் பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் கொல்லைக் கதவடியில் போய் நிற்பான். கதவு திறந்ததும் வெளியே. வாழைமரத்தடி மண்ணில் தோண்டிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏழு மணிக்கு அடுக்களை வாசலுக்கு வருவான். பழைய அலுமினியத் தட்டில் பால் சாதம். வைக்கும்போது கரண்டியால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு. அதுதான் அவனுக்கு அழைப்பு. பகலெல்லாம் பரண் மேல் தூக்கம். சாயங்காலம் திண்ணை. ராத்திரி மறுபடி பரண். “கீழ படுக்கவே மாட்டான்டி. மழையில ஓடு ஒழுகினாக்கூட அங்கேயே ஒரு ஓரமா நகர்ந்து படுத்துப்பான்.” தாடைக்குக் கீழே சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்வான். வயிற்றைத் தொட்டால் கடி. குக்கர் விசிலுக்குப் பயமில்லை, துடைப்பத்துக்குப் பயம். அடுத்த தெருச் சிறுவன் ஒருவன் குட்டியில் அவனைத் துடைப்பத்தால் அடித்திருக்கிறான்.

வயது ஐந்து என்றார் பெரியம்மா. ஆனால் அவன் வந்த கதையைச் சொல்லும்போது, “மகாமகம் முடிஞ்சு வந்த மழைக்காலத்துல, ஓட்டு மேலேர்ந்து விழுந்தான்” என்றார். மகாமகம் நடந்தது 2016 பிப்ரவரியில். அப்படியென்றால் ஏழு வயதுக்கு மேல். வயதான மனிதர்கள் ஆண்டை மறந்தாலும் திருவிழாவை மறப்பதில்லை. வயது கேட்கும்போது இதுபோல ஒன்றைத் தொட்டுக் கேட்பது நல்லது. ஏழு வயதைத் தாண்டிய பூனைக்குச் சிறுநீரகம், பல் எல்லாம் பார்க்க வேண்டும் என்பதால் இந்த இரண்டு வருஷ வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

அடுத்தது சாப்பாடு. “சுத்த சைவம். என் வீட்டுப் பிள்ளை ஆச்சே” என்றார். எதிர் வீட்டம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அவர்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் டைகர். மீன் வாங்கும் நாளெல்லாம் மத்தித் தலை அவனுக்குத்தான். கொல்லையில் அணில் வால் கிடக்கும் கதையும் அவர்தான் சொன்னார். பெரியம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தகவல் இல்லாமல் பின்னால் சாப்பாட்டை மாற்றியிருக்கவே முடியாது. எந்தப் பூனையைப் பற்றியும் வளர்த்தவர் ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது; பக்கத்து வீடு, வேலைக்கு வருபவர், மீன்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பூனை தெரியும்.

கொண்டு வந்தவையும் வந்த வழியும்

பெரியம்மா கட்டிப் போட்டிருந்த நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டோம். அந்த அலுமினியத் தட்டு. வாழைமரத்தடி மண் அரை மூட்டை. மொட்டை மாடியில் பரப்பி நன்றாக வெயிலில் காயவைத்தது. மண்ணை மூட்டை கட்டியதைப் பார்த்து என் கணவர், “சென்னையில மண்ணே இல்லையா?” என்றார். இருக்கிறது. அது அவன் தோண்டிப் பழகிய மண் இல்லை.

பிளாஸ்டிக் பூனைக் கூடையைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே பரணுக்குக் கீழே திறந்து வைத்து, உள்ளே புடவையை விரித்து, எதிர் வீட்டம்மாவைக் கொண்டு அதற்குள் சோறு வைக்கச் சொன்னோம். கிளம்பும் அன்று காலை சாப்பாடு இல்லை. வெறும் வயிற்றில் வாந்தி குறைவு. அணைக்கரை, பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகக் காரில் வந்தோம். கூடை முன்சீட்டுக்குப் பின்னால் கீழே அசையாமல் இருந்தது, மேலே ஒரு துண்டு. பண்ருட்டி வரை கத்தினான். டீ குடிக்க நிறுத்தியபோது, பாவமாக இருக்கிறது, கொஞ்சம் திறந்துவிடலாம் என்று மகள் கெஞ்சினாள். நெடுஞ்சாலையில் கூடையைத் திறந்து பூனையைத் தொலைத்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. திறக்கவில்லை.

வீட்டில் சின்ன படுக்கையறை ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கினோம். அவன் வருவதற்கு முன்பே ஜன்னலுக்கும் பால்கனிக்கும் இரும்புக் கம்பி வலை அடித்தாகிவிட்டது. சென்னை அடுக்குமாடிகளில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையை நம்பிப் பூனையை விடுகிறார்கள். அது புறா உள்ளே வராமல் தடுக்கும். பூனை பல்லால் கடித்தால் அறுந்துவிடும். உயரத்திலிருந்து விழும் பூனைகளைப் பற்றி நியூயார்க்கில் 1987-இல் வந்த ஆய்வு, ஐந்து மாதத்தில் ஒரே மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றியது. பெரும்பாலானவை பிழைத்தன. ஆனால் பூனை எங்கிருந்து விழுந்தாலும் நின்றுகொள்ளும் என்று பால்கனியைத் திறந்து வைக்க அது காரணமாகாது. உடைந்த தாடையும் நெஞ்சுக் காயமும் அந்த 132-இல் நிறைய.

பீரோவிலிருந்த அந்துருண்டைகளை எடுத்தோம். மேஜை மேல் கிடக்கும் பாராசிட்டமால் பட்டை அலமாரிக்குள் போனது. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும். தரை துடைக்கும் பினாயிலையும் நிறுத்தினோம். பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். வேலைக்கு வரும் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. “வாசம் வராம துடைச்சா துடைச்ச மாதிரியே இல்லைம்மா” என்றார். சொட்டுப் பாத்திர சோப்பும் வெந்நீரும் என்று சமாதானமானோம்.

முதல் நாட்கள்: மண்ணும் தட்டும்

நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி கிடைத்தவை சீக்கிரம் நிதானத்துக்கு வந்தன. அதைப் படித்துவிட்டு நாங்களும் நல்ல பெட்டி ஒன்றில் வாசல் வெட்டி வைத்திருந்தோம். கிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து நேராகக் கட்டிலுக்கு அடியில், சூட்கேசுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான்.

அவனை யாரும் இழுக்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. எனக்குக் கவலை இரண்டு விஷயத்தில்தான் இருந்தது. ஒன்று சிறுநீர். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. பயத்திலும் அழுத்தத்திலும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. முக்குகிறான், சொட்டு சொட்டாக வருகிறது, அல்லது ஒரு நாள் முழுக்க ஒன்றுமே இல்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அகலமான தட்டுகள் இரண்டு வைத்தோம். ஒன்றில் கடையில் விற்கும் வாசனை போட்ட பூனை மணல், இன்னொன்றில் ஊர் மண். மறுநாள் காலை ஊர் மண்ணில் பெரிய ஈர உருண்டை. கடை மணலில் ஒரு கால் தடம்கூட இல்லை. அரை மூட்டை மண்ணைச் சுமந்ததற்குக் கூலி அப்போதே வந்துவிட்டது. வாசனையில்லாத, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலை அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு கை கூட்டிக் கலந்தோம். மண் தீரும்போது அவனும் மாறியிருந்தான்.

இரண்டாவது கவலை சாப்பாடு. மனிதன் இரண்டு நாள் பட்டினி கிடக்கலாம். பூனை, முக்கியமாகக் கொஞ்சம் கொழுத்த பூனை, சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். கிட்டு கிட்டத்தட்ட ஐந்து கிலோ. “பசிச்சா தானா வந்து தின்னும்” என்ற பேச்சு இங்கே உதவாது. இரண்டாம் நாள் இரவுக்குள் வாயில் எதுவும் வைக்காவிட்டால் மருத்துவரிடம் போவது என்று எல்லை வைத்துக்கொண்டோம். போனில் முன்கூட்டியே சொல்லியும் வைத்தோம்.

வாசனை தூக்கலாக இருக்கும் ஈர உணவுப் பாக்கெட் வாங்கி வைத்திருந்தோம். பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் அப்படியே காய்ந்தது. பெரியம்மாவின் தட்டில் அவர் பிசைவதுபோலக் குழைந்த பால் சாதம் வைத்து, விளக்கை அணைத்து, கரண்டியால் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். காலையில் தட்டுப் பாதி காலி. பால் சாதம் பூனைக்கு நல்ல உணவா என்றால், இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதுமில்லை. அந்த வாரம் நல்ல உணவைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. தெரிந்த உணவைப் பற்றித்தான் யோசித்தோம்.

பரண்

சாப்பிட ஆரம்பித்தும் கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை. பூனையின் அழுத்தத்தை அளக்க கெஸ்லர், டர்னர் என்ற இருவர் 1997-இல் கொடுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. முழு நிம்மதி 1, உறைந்துபோன பயம் 7. உடம்பைத் தரையோடு ஒட்டியிருப்பது, காது படிந்திருப்பது, கண் பாப்பா விரிந்திருப்பது, மூச்சின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் போடும் எண். தினமும் ஒரே நேரத்தில் கதவிடுக்கில் பார்த்து நோட்டில் எழுதினேன். முதல் வாரம் முழுக்க 5, 6.

“கீழ படுக்கவே மாட்டான்டி” என்ற வாக்கியம் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை எழுதியபோது அவன் பழக்கம் என்று எழுதினேன். அவன் தேவை என்று படித்தது அப்போதுதான். பெட்டி, கட்டிலடி எல்லாம் தரைமட்டம். உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு படுத்துப் பழகியவனுக்குத் தரையில் ஒளிவது வேறு வழியில்லாமல் செய்வது. அறையில் ஏழடி உயரத்துக்கு ஒரு இரும்பு பீரோ. அதன் மேலிருந்த பெட்டிகளை இறக்கி, வழுக்காமல் இருக்கச் சணல் சாக்கு விரித்து, அதன் மேல் பெரியம்மா புடவையைப் போட்டோம். ஏற வழியாகப் பழைய மர ஸ்டூல், அதற்கடுத்துப் புத்தக அலமாரி. ஒருபக்கம் மறைவு வேண்டும் என்பதற்காக அட்டைப்பெட்டியை அங்கே கவிழ்த்து வைத்தோம்.

அன்று ராத்திரியே ஏறிவிட்டான். மறுநாள் நோட்டில் 4. அந்த மாதக் கடைசியில் 2, சில நாள் 3. இந்த வீட்டில் நடந்தவற்றில் எது திருப்பம் என்று கேட்டால் பீரோ உச்சிதான். ஒரு ரூபாய் செலவில்லை.

மேலிருந்து அவன் பார்க்க, கீழே நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். மகள் அந்த அறையில் உட்கார்ந்து பாடம் படித்தாள். அவனைக் கூப்பிடக் கூடாது, கையை நீட்டக் கூடாது என்பது அவளுக்குப் பெரிய தண்டனை. பூனையாக வந்து தொடங்கும் பழக்கம் அதிக நேரம் நீடிக்கும் என்பதையும் அதே டர்னர் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஒருநாள் இறங்கி வந்து அவள் கணக்கு நோட்டின் மூலையில் கன்னத்தை உரசிவிட்டுப் போனான். அப்போதிலிருந்து சுத்தமான துணியால் அவன் கன்னத்தைத் தடவி, அதை ஹாலில் சோபாக் கால், கதவு ஓரம் என்று பூனை உயரத்தில் தேய்த்தோம். அவன் ஹாலுக்கு வருவதற்கு முன்பே ஹாலில் அவன் மணம் இருந்தது. பிறகு ராத்திரியில் மட்டும் கதவைத் திறந்தோம். பகலில் திறந்தது ரொம்பப் பின்னால்.

பெரியம்மாவின் குரல்

இந்தப் பகுதி எழுதக் கஷ்டமானது. பெரியம்மாவுக்குத் தினமும் வீடியோவில் அவனைப் பார்க்க வேண்டும். முதல் அழைப்பில் ஸ்பீக்கரில் “கிட்டா... டேய் கிட்டா” என்றார். பீரோ மேலிருந்து குதித்து வந்தான். போனை மோந்தான், போனுக்குப் பின்னால் பார்த்தான், கதவடியில் போய்க் கத்தத் தொடங்கினான். அழைப்பு முடிந்த பிறகும் வெகுநேரம் கத்தினான். அன்று நோட்டில் மறுபடி 5.

பூனைகள் தங்களை வளர்ப்பவரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்து அறிகின்றன என்று ஜப்பானில் அட்சுகோ சைட்டோ உள்ளிட்டோர் 2013-இல் 20 பூனைகளை வைத்துக் காட்டினார்கள். பெரும்பாலும் காதையும் தலையையும் திருப்புவதோடு சரி, எழுந்து வருவதில்லை. எழுந்து வந்த கிட்டுவுக்குக் கிடைத்தது ஆள் இல்லாத குரல். அடுத்த அழைப்பிலும் இதேதான் நடந்தது.

பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. “பெரியம்மா, உங்க குரல் கேட்டா தேடறான். கொஞ்ச நாளைக்கு அவன் முன்னாடி ஸ்பீக்கர் போடலை. படம் அனுப்பறேன், வீடியோ எடுத்து அனுப்பறேன்.” அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “தேடறானா?” என்று மட்டும் கேட்டார். தேடுகிறான் என்பதில் அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டதில் கோபமும் இருந்திருக்கும். உறவினர் பூனையை வாங்குகிறவர்கள் இந்த உரையாடலைத் தவிர்க்க முடியாது. பூனையைக் கொடுத்தவர் வீட்டையும் இழந்து, நடையையும் இழந்து, அதையும் இழந்திருக்கிறார். தினம் ஒரு படமும், அவன் அன்று செய்த வேலையும் என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அவர் அனுப்பிய குரல் செய்திகளில் அறிவுரைதான் இருக்கும். அதில் பாதி பயன்பட்டது.

விடியற்காலை நாலரை

எங்கள் வீட்டில் பால்காரர் மணி இல்லை, கொல்லைக் கதவும் இல்லை. ஆனால் நாலரைக்கு வாசல் கதவடியில் அலறல் தவறாமல் வந்தது. கீழ் வீட்டிலிருந்து ஜாடையாக ஒரு பேச்சும் வந்தது. விடியலும் அந்தியும் பூனை வேட்டைக்குப் போகும் நேரம். அதோடு வருஷக்கணக்கான பழக்கமும் சேர்ந்திருக்கிறது. கத்தும்போது எழுந்து சாப்பாடு வைத்தால், கத்தினால் சாப்பாடு வரும் என்று கற்றுக்கொள்வான்.

ராத்திரி படுப்பதற்கு முன் தேங்காய் நார்க்கயிற்றில் துணிமுடிச்சு கட்டி இழுத்து விளையாட்டு. துரத்தி, பிடித்து, கடித்து முடித்ததும் உடனே நல்ல சாப்பாடு. வேட்டை, உணவு, குளியல், தூக்கம் என்று அவன் உடம்புக்குத் தெரிந்த வரிசை அது. காலைச் சாப்பாடு ஆறு மணிக்கு, அவன் கத்தினாலும் கத்தாவிட்டாலும். சில வாரம் எங்கள் யாருக்கும் தூக்கமில்லை. கீழ் வீட்டுக்குத் தீபாவளி இனிப்பை முன்கூட்டியே கொடுத்தோம். அலறல் மெல்ல ஐந்துக்குத் தள்ளியது, பிறகு முனகலானது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி பாடும்போது மட்டும் இப்போதும் சேர்ந்துகொள்கிறான்.

சைவ வீட்டில் அசைவப் பூனை

பால் சாதத்தை எத்தனை நாள் வைப்பது? ஊரில் அதோடு அணிலும் மத்தித் தலையும் இருந்தன. மூன்றாம் மாடியில் இரண்டும் இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவைக்குத் தயாரித்துக்கொள்ளாது. அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனைக்கு இதயம் வீங்கும் நோய் வரும் என்று அமெரிக்காவில் பால் பியான் குழுவினர் 1987-இல் கண்டுபிடித்த பிறகுதான் பூனை உணவுகளில் அதைக் கூட்டினார்கள்.

எங்கள் வீடு சைவம். மாமியாருக்கு மீன் வாசனை வீட்டுக்குள் வருவதே பிடிக்காது. அவரிடம், “அத்தை, சமையலறைக்குள்ள எதுவும் வராது. பை பால்கனி அலமாரில இருக்கும், தட்டை வெளிக் குழாய்ல கழுவறேன். பூஜை ரூம் கதவைச் சாத்தியே வைக்கறேன்” என்றேன். “வந்தான்னா நீதான் கழுவி விடணும், சொல்லிட்டேன்” என்றார். அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது. அவருக்கும் கிட்டுவுக்கும் இடையில் நட்பு மலரவில்லை. அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அவன் போவான். அவர் காலைத் தூக்கிக்கொள்வார். இரு தரப்பும் அதில் திருப்தியாகவே இருக்கிறார்கள்.

மாற்றம் மெதுவாக நடந்தது. பால் சாதத்தில் மீன் வாசனை உலர் உணவு சில மணிகள். டைகர் என்ற பெயரில் அவன் பழகியிருந்ததால் மணிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினான். பாலைத் தண்ணீராக்கி, சோற்றைக் குறைத்து, கடைசியில் தட்டில் பூனை உணவு மட்டும் மிஞ்சியது. உலர் உணவு மட்டும் தின்னும் ஆண் பூனை தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர்த் தொல்லை வரலாம் என்பதால் தினம் ஒரு வேளை ஈர உணவு. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து விலக்கி வேறு மூலையில் வைத்ததும் அதிகம் குடித்தான்.

திரைச்சீலை

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் பால்கனித் திரைச்சீலையில் நின்றபடியே, வாலை நடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகப் பீய்ச்சினான். குந்தி உட்கார்ந்து கழிப்பது வேறு, இது வேறு. இது எல்லைக் குறி. கருத்தடை செய்த ஆண்களிலும் சிலது இதைச் செய்யும். ஆனாலும் முதலில் நோயைத் தள்ளிவிட வேண்டும் என்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சிறுநீரும் ரத்தமும் பார்த்தோம். கோளாறு இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மற்ற பூனைத் தடுப்பூசியும் அந்த வழியிலேயே முடிந்தன. பல்லில் காரை, ஈறு சிவப்பு. எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, அது நல்லது என்றார்கள்.

காரணம் எதிர்க் கட்டடத்தின் சன்ஷேடில் உட்கார்ந்திருந்தது. நல்ல தலை பெரிய செம்பட்டைக் கடுவன் பூனை, தினமும் சாயங்காலம் வந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டுவை அடக்குவதில் பயனில்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதியில் பால் வெள்ளைத் தாள் ஒட்டினோம். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. திரையை என்சைம் கலந்த சலவைத்தூளில் ஊறவைத்துத் துவைத்தோம். அந்த மூலையில் அவன் சொறிய ஒரு சணல் சுற்றிய கட்டை. அப்புறம் பீய்ச்சவில்லை. தீபாவளி வெடிக்கு பீரோ உச்சிக்குப் போனவன் மறுநாள் மதியம்தான் இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை, தட்டை மட்டும் மேலே வைத்தோம்.

ஒரு வருஷம் கழித்து

நங்கநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த பெரியம்மா, ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கர் அழைப்பில் நடந்ததை நினைத்து நான் தயங்கினேன். கிட்டு இறங்கி வந்தான். ஊன்றுகோலின் ரப்பர் முனையை நெடுநேரம் மோந்தான், பிறகு பெரியம்மா காலில் கன்னத்தை உரசிப் பக்கத்தில் உட்கார்ந்தான். தாடைக்குக் கீழே சொறிந்ததும் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பீரோவுக்குப் போய்விட்டான். “என்னடி, விட்டுட்டுப் போயிட்டான்?” என்றார். அவரே மணியைப் பார்த்துவிட்டு, “அவன் தூங்கற நேரமாச்சே” என்றார். எடை குறைந்துவிட்டான், பால் ஊற்றுவதில்லையா என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர் போன பிறகு ஒரு வாரம் கவனித்தேன். கதவடியில் தேடவில்லை, சாப்பாடும் குறையவில்லை. இப்போது வாரம் ஒருமுறை அவன் முன்னாலேயே ஸ்பீக்கரில் பேசுகிறார். காதைத் திருப்புகிறான், அவ்வளவுதான்.

தீராதவை சில உண்டு. நகம் வெட்ட இரண்டு பேர் வேண்டும். துடைப்பம் பெருக்கும் சத்தம் கேட்டால் இன்னும் ஓடுகிறான். அக்கா வரும் நேரத்தில் அந்த அறையை மட்டும் நாங்களே துடைத்துவிடுகிறோம். பல் காரையை எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததால் பொங்கலுக்குப் பிறகு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு அவனைக் கூடைக்குள் மறுபடி ஏற்ற வேண்டும். கூடையைத் திறந்து புடவையோடு அறையில் வைத்திருக்கிறோம், தட்டையும் தினமும் அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறோம். இதுவரை உள்ளே போகவில்லை. கூடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டைக் கேட்கிறான்.